நாலாம் லயம், ஏழாங் காம்பரா

ஆவணக் காப்புத் தொழிலில் ஆவணத்தின் முதல் எதிரி ஈரம், இரண்டாவது கரையான், மூன்றாவது பொதுமக்கள் என்று பயிற்சி வகுப்பில் எழுதித் தந்தார்கள்; நான்காவது எதிரி நாங்கள்தான் என்பதை நாங்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்து, "அது எங்களிடம் இருக்கிறது, ஆனால் தர முடியாது" என்ற வாக்கியத்தை ஒரு தடவையாவது வாய் கூசாமல் சொன்னவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மறு பஸ் ஏறியவர்களும் வாசிக்கலாம். உங்கள் கோபம் நியாயமானதே.

செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், பதுளையில் நான் வேலை செய்த நூலகத்துக்கு வெளிநாட்டு நிதியில் இரண்டு கணினிகளும் ஒரு ஸ்கேனரும் வந்தன. தோட்டங்களில் கிடந்து மக்கும் பழைய பிறப்பேடுகளைப் படமெடுத்து இறுவட்டில், அதாவது சிடியில், சேமிப்பது திட்டம். ஹாலிஎலயிலிருந்து தினமும் நெரிசல் பஸ்ஸில் தொங்கி வந்து, பட்டம் பெற்ற பின்னும் புத்தக முதுகில் இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்த என்னை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். உடனே தொடங்கிவிடலாம் என்று துடித்தேன். எங்கள் நூலகர் சபாநாதன் ஐயாவோ முதலில் நல்ல நாள் பார்த்தார். பிறகு குளிரூட்டி பொருத்தினார். பிறகு கணினிகளுக்குத் துணியில் உறை தைப்பித்தார். கடைசியாகக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.

பதினொரு வாரங்கள் அந்த அறைக்குள் வெறுங்காலுடன் போய், உறையைத் தூக்கிப் பார்த்து, மூடிவிட்டு வந்தோம். பத்திரிகை மேசையில் தினமும் முதல் ஆளாக அமரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "உள்ளுக்கு யாராவது செத்துட்டாங்களா மிஸ்? எல்லாரும் செருப்பக் கழட்டிட்டுப் போய் மொகத்தத் தொறந்து பாத்துட்டு வாறீங்களே!"

ஒன்பது சாக்குகள்

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், டிஸ்பென்சரியின் பின்னறையில் பிறப்பேடுகள் கிடந்தன. தேயிலைத் தூள் சாக்குகளில் அவற்றை அள்ளினோம். எலி கடித்த ஓரங்கள், மழையில் ஊறி உப்பிய அட்டைகள். அந்த மலைச் சரிவில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்பது சாக்குகளில் அடங்கினார்கள். இவற்றைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை எனக்குத் தொண்டை வரை இருந்தது. கிளாக்கரிடம் கையெழுத்து வாங்கும்போது, அந்தக் காட்சியைப் படமெடுக்க யாரும் இல்லையே என்று கூட நினைத்தேன்.

சாக்குகளை லொறியில் ஏற்ற உதவிய தொழிலாளி ஒருவர், எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். முதலில் பதுளை, படமெடுத்து முடிந்ததும் கொழும்பு என்றேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பேரெல்லாம் லொறியில ஏறிருச்சுடா. ஆளுகளுக்கு எப்ப லொறி வருமுன்னு மிஸ்கிட்ட கேளு."

ராமையாவைத் தேடுதல்

ஏடுகள் நீளமானவை, எங்கள் ஸ்கேனரின் கண்ணாடியோ குட்டையானது. ஒவ்வொரு பக்கத்தையும் இரு தடவை வைத்தால் வேலை இரண்டு மடங்காகும். வலப்பக்க ஓரத்தில், தோட்டத்தார் 'டொக்டர் ஐயா' என்று அழைக்கும் டிஸ்பென்சரி மருந்தாளர் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தார். அதை விட்டுவிடலாம் என்று உத்தரவிட்டது நான். வேறு யார்மீதும் பழி போடுவதற்கில்லை. ஓரங்களை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் எல்லாப் பக்கங்களையும் முடித்தேன். பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் தட்டச்சு செய்து, பெயரைக் கொடுத்தால் பக்கத்தைக் காட்டும் ஒரு பட்டியலையும் உருவாக்கினேன்.

ஒத்திகை பார்ப்பதற்காக, நூலகத்துக்குக் கதவு பூட்டுத் திருத்த வந்த ஒருவரை அழைத்து அமர வைத்தேன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், பெயர் ராமையா. பெயரைத் தட்டினேன். அறுபது ராமையாக்கள் வந்தார்கள். அம்மா பெயர் கேட்டேன், காளியம்மா என்றார். ஒன்பது ராமையாக்களாகக் குறைந்தார்கள். வெற்றி நெருங்கிவிட்ட குரலில், "பொறந்த தேதியச் சொல்லுங்கண்ணே, முடிஞ்சிது" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "அது தெரிஞ்சிருந்தா நான் ஏங்க இந்தப் பொட்டியில வந்து பொறக்கணும்?"

கடிதம் இருக்கிறதா?

ஏடுகளைப் பார்வையிட விரும்புவோர் பல்கலைக்கழகத்திடமிருந்தோ தோட்ட நிர்வாகத்திடமிருந்தோ கடிதம் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் கடிதத்தை நீட்டி, பத்து நிமிடத்தில் மூன்று இறுவட்டுகளோடு போனார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் வீரம்மா, அந்தப் பசறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் காம்பரா எனப்படும் ஓர் அறையில் குடியிருப்பவர். கூடவே பள்ளிச் சீருடையில் மகள் செல்வி.

செல்வி அந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு அடையாள அட்டை தேவை. அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. பிறந்த காலத்தில் யாரும் பதிவு செய்யவில்லை. இப்போது பதிவுக் கந்தோரில், அதாவது பதிவு அலுவலகத்தில், காலங்கடந்து பதிவதென்றால், பிறந்ததற்கு எழுத்தில் ஆதாரம் தேவை. அந்த ஆதாரம் தோட்டத்துப் பிறப்பேட்டில் இருந்தது. தோட்டத்தில் கேட்டால், புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டது என்றார்கள். நூலகத்தில் கேட்டால், அதாவது என்னிடம் கேட்டால், தோட்டத்துக் கடிதம் வேண்டும் என்றேன். பள்ளி அதிபர் கொடுத்திருந்த தவணையில் மிச்சம் பத்து நாட்கள். அன்று ஒருநாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் வீரம்மா. புத்தகம் எங்களிடம் மிகப் பத்திரமாக இருக்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "எங்க டிஸ்பென்சரியில இருந்தப்ப அத எலி தின்னுச்சுங்க மிஸ். ஆனா எலி எங்கிட்ட கடிதம் கேக்கல."

மூன்று வீரம்மாக்கள்

கடிதமில்லாமலே இருவரையும் அறைக்குள் அழைத்துச் சென்றேன். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறிவித்தலைச் செல்வியே வாசித்துவிட்டாள். 'செல்வி' என்று தட்டினேன். அவள் பிறந்த ஆண்டில் ஒரு செல்வியும் இல்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது: பிள்ளை பிறந்த அன்றே மருந்தாளர் எழுதிவிடுவார், பெயர் வைப்பதோ நாட்கள் கழித்து. அதன்பின் ஏட்டைத் திறந்து பெயரை நிரப்பியவர் சிலர்தான். பாதிப் பிள்ளைகளுக்கு எதிரே 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருந்தது. ஆறு மாதம் நான் தட்டிய பெயர்ப்பட்டியல், பெயர் வைக்கப்படாத பிள்ளைகள்மீது கட்டியெழுப்பப்பட்டிருந்தது.

தாயின் பெயரில் தேடினேன். "எந்த மாசம்னு ஞாபகம் இருக்காக்கா?" என்றால், மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய சமயம் என்றார். அந்த இரண்டு மாதங்களுக்குள் வீரம்மா என்ற தாய்மார் மூவருக்குப் பெண் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். "உங்க பதிவு எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" வீரம்மா என்னைப் பார்த்த பார்வையில் சற்று இரக்கமும் இருந்தது. "நாலாம் லயம், ஏழாங் காம்பராங்க. புள்ளையக் குளிப்பாட்ட மருத்துவச்சி அம்மா வரணுமில்ல? அதுக்கு டொக்டர் ஐயா ஓரத்துல எழுதிக்குவாரு."

ஓரம்! திரையில் மூன்று பதிவுகளும் வலப்பக்கத்தில் நேர்கோடாக வெட்டுப்பட்டு நின்றன. பென்சில் எழுத்தின் முதல் கீற்று மட்டும் தெரிந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், என் உத்தரவு என்பதையும் சேர்த்து. வீரம்மா திரையைத் தொடப் போய், கையை மடக்கிக்கொண்டார். "ஆள எழுதி வச்சிட்டு வீட்ட வெட்டிப்புட்டீங்களே மிஸ்!"

சீல் வைத்த அலுமாரி

மூல ஏடுகள் இன்னும் கொழும்புக்குப் போயிருக்கவில்லை. லொறிக்காகக் காத்து, இரும்பு அலுமாரியில், நூலும் அரக்கும் வைத்து முத்திரையிடப்பட்டிருந்தன. சபாநாதன் ஐயாவின் அறைக்குள் நாங்கள் மூவரும் நுழைந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து பதுளையிலேயே தலை நரைத்தவர் அவர். முழுவதையும் கேட்டார்.

"பிள்ளை, முத்திரை வைச்சதை உடைக்கேலாது. லொறி வரேக்கை அப்பிடியே ஏத்திவிடோணும் எண்டு எழுத்திலை தந்திருக்கினம்."

"லொறி எப்ப வரும் சேர்?"

"ரெண்டு மாசமா நாளைக்கு எண்டுதான் சொல்லினம்."

"இந்தப் பிள்ளைக்குப் பத்து நாள்தான் இருக்கு சேர்."

"இருபத்தெட்டு வருசத்திலை இந்த நூலகத்திலை ஒரு புத்தகம் துலைஞ்சதில்லை, தெரியுமோ?"

"தெரியும் சேர். நாமதான் ஒண்ணையும் வெளிய விடலையே."

இந்த வாயால் எனக்கு ஏற்கெனவே ஓர் இடமாற்றம் கிடைத்திருந்தது. இன்னொன்றும் வந்துவிட்டது என்றே எண்ணினேன். அவர் என்னை விட்டுவிட்டுச் செல்வியிடம் திரும்பினார். "கணக்கு ஓடுமோ பிள்ளை?" அவள் நிலத்தைப் பார்த்தபடி, "ஓடும் சேர். கந்தோர்தான் ஓடல" என்றாள். ஐயா மேசை இழுப்பறையிலிருந்து சவர அலகு ஒன்றை எடுத்து வந்தார். அரக்கில் கீறல் விழாமல் நூலை மட்டும் அறுத்தார். நூல் தானாக நைந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்தும் வைத்தார்.

ஏட்டைப் புரட்டினோம். முதல் வீரம்மா ஒன்பதாம் லயம். இரண்டாமவர் கீழ்ப் பிரிவு. மூன்றாவது பதிவின் ஓரத்தில், பென்சில் மங்கியிருந்தும், நான்கும் ஏழும் தெளிவாக இருந்தன. செல்விதான் வாசித்தாள்; வீரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. லயம், காம்பரா, திகதி, பிறகு எடை: நாலு றாத்தல், இரண்டு கிலோவுக்கும் குறைவு. வீரம்மா மகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். கண் நனைந்திருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை: "நாலு றாத்தலா? அப்ப ஒன்னயத் தூக்குறது ஒரு பாரமாவே தெரியலடி. இப்ப இந்தக் காயிதத்தத் தூக்கிட்டு அலையறதுலதான் இடுப்பு ஒடியுது."

குடைக்குள் புத்தகம்

பதிவுக் கந்தோரில் கணினிப் பிரதியை ஏற்கமாட்டார்கள் என்று வீரம்மா முன்பே கேட்டு வைத்திருந்தார். மூலத்தைக் காட்ட வேண்டும். மூலமோ நூலகத்தை விட்டு வெளியேறக் கூடாது. "புத்தகம் தனியாப் போனாத்தானே வெளியேறினது? நானும் கூடப் போறன்" என்றார் ஐயா. மழை பிடித்துக்கொண்டது. அவர் ஏட்டைத் தன் கம்பளிச் சட்டையில் சுற்றி மார்போடு அணைத்து, குடையை அதற்கு மட்டும் பிடித்துக்கொண்டு பஸார் வீதியில் நடந்தார். பின்னால் நாங்கள் மூவரும் நனைந்துகொண்டு ஓடினோம்.

கந்தோரிலிருந்த அலுவலர் ஒரு சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஏட்டைப் பொறுமையாகப் பார்த்தார். தாயின் பெயர், திகதி, லயம், காம்பரா ஆகியவற்றைக் வீரம்மா கொண்டுவந்திருந்த கிராம சேவகரின் கடிதத்தோடு ஒப்பிட்டார். பொருந்தின. காலங்கடந்த பதிவுக்கான விண்ணப்பத்தை ஏற்று, பள்ளி அதிபரிடம் காட்டுவதற்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். தவணைக்கு இன்னும் பத்து நாட்களும் மிச்சமிருந்தன. நான் மூச்சுவிட்டேன், அத்துடன் நிறுத்தாமல், எங்கள் டிஜிட்டல் திட்டத்தைப் பற்றியும் அவருக்கு விளக்கினேன். அவர் உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்பிக் கேட்டார்: "அப்ப புத்தகம் இருக்குத்தானே மிஸ்? அலுமாரியத் தொறந்து காட்டுனா முடிஞ்சுதானே? கொம்பியூட்டர் எதுக்கு, தொறக்காம இருக்கவா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பெயர்ப்பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, எல்லாப் பக்கங்களையும் ஓரத்தோடு மீண்டும் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். இம்முறை தோட்டம், பிரிவு, லயம், காம்பரா என்ற வரிசையில் தேடும்படி அமைத்தேன். கடிதம் கேட்கும் விதியைக் கழற்றிவிட்டு, தன் பதிவைத் தேடி வரும் எவருக்கும் அன்றே காட்டி, கந்தோருக்கு மூலத்தையும் எடுத்துச் செல்வதென்று புதிய விதி எழுதினேன். ஐயா கையெழுத்திட்டார். கொழும்பு லொறி கடைசியில் வந்தபோது, "இன்னும் வேலை முடியேல்லை, அடுத்த மாசம் வாங்கோ" என்று சாரதிக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். பிறகு ஒவ்வொரு மாதமும் அதே தேநீர், அதே பதில். செல்வி பரீட்சை எழுதினாள்.

அதற்கெல்லாம் முன்பே, கந்தோருக்குப் போய் வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, கதவைத் திறந்தபோது வீரம்மா நின்றார். பின்னால் ஏழு பெண்கள், எல்லோரும் வேலைக்குப் போகாமல் வந்தவர்கள். பிள்ளைகளுக்காகச் சிலர், தங்களுக்காகவே சிலர். நான் வாயைத் திறக்கு முன்பே முதலாமவர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: மேற்பிரிவு, ரெண்டாம் லயம், மூணாங் காம்பரா. வீரம்மா பெருமையோடு என்னைப் பார்த்தார்: "வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கேன் மிஸ். பேரச் சொல்லி அந்தப் பொண்ணக் கொழப்பாதீங்கடி, பாவம், படிச்ச புள்ளன்னு."

திட்டத்தின் இறுதி அறிக்கைப் படிவத்தில் எத்தனை பக்கங்கள், எத்தனை இறுவட்டுகள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். எத்தனை பேர் அடையாள அட்டை எடுத்தார்கள் என்று நான் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து நிரப்பி அனுப்ப, படிவத்தைச் சிதைத்ததற்கு விளக்கம் கேட்டுத் தபாலில் கடிதம் வந்தது.