முன்வாசல்

நான் தங்கியிருக்கும் டொராண்டோ ஹோட்டலில் வேலைநிறுத்தம். மூன்று நாளாகப் பின்வாசலில் நழுவிப் போய்வந்தேன். இன்று வெளியே போய்த் திரும்பினால் அது பூட்டியிருக்கிறது. மாலை விமானம். பெட்டி மேலே அறையில் இருக்கிறது.

முன்வாசலில் வட்டமாக நடக்கும் ஊழியர்களில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி, என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசுகிறார்.

"பதினெட்டு வருசமா அறை துப்புரவாக்கிறன், தம்பி. ரிசெப்ஷன் வேலைக்கு மூண்டு தரம் கேட்டனான். வெள்ளைப் பிள்ளையளுக்குத்தான் குடுத்தவை. பேஸ்மென்டில பெட்ஷீட் தோய்க்கிறதெல்லாம் எங்கட நிறம்தான்."

"நீங்க கேக்கறது நியாயம்தான், அக்கா."

சட்டைப்பையில் அறைச் சாவி அட்டை உறுத்துகிறது. வெளியே தெரியும் அதன் விளிம்பை அவர் பார்த்துவிட்டார்.

"அப்ப இண்டைக்கு உங்கட கட்டிலை ஆர் விரிச்சது?"

வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பதிலாக வந்து காலையில் கதவைத் தட்டியவளை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையணையைத் தட்டிய கை மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் இவருடைய நிறம்தான்.