மாத்திரைக்கு ஒரு தம்ளர் பால்

ஆய்வுக்கூடத்தில் உனக்கு என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் காட்டுவேன். இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் அளவில் ஒன்று, தோலில் ஒன்று, தையலில் ஒன்று. ஆனால் மாற்றிப் போட்டால் நடக்க முடியாது. சில மருந்துகளின் மூலக்கூறும் அப்படித்தான், இடது வலது என்று ஜோடியாக உண்டாகும். உடம்புக்கு ஒன்றுதான் பொருந்தும். சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வந்து நிற்கும். வேண்டியதை மட்டும் வரவழைக்க வழி தேடுவது என் வேலை. இவ்வளவு சொல்வதற்குள் சுருளிப்பட்டிச் சொந்தக்காரர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். படிப்பு எப்போது முடியும், கல்யாணம் எப்போது?

அப்பா ஒருவர்தான் அதற்கு மேலும் கேட்டார். வேண்டியதை மட்டும் எப்படி வரவழைப்பாய் என்றார். ரோடியம் என்று ஒரு உலோகம் இருக்கிறது, அது ஹைட்ரஜனைப் பிடித்து இன்னொரு மூலக்கூறின் மேல் ஏற்றிவிடும், ஆனால் அதற்கு இடது வலது தெரியாது என்றேன். அதனால் இரண்டு கைகளால் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்கிற ஒரு துணை மூலக்கூறை நாங்கள் செய்கிறோம். பாடப்புத்தகத்தில் அதற்கு ஈனி என்று பெயர், ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் லிகண்ட். அந்தக் கைகளில் எங்கே பருமன் வைக்கிறோமோ அந்தப் பக்கம் அடைபட்டுப் போகும். திறந்திருக்கும் பக்கத்தில் மட்டும் ஹைட்ரஜன் ஏறும். திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியில் கட்டுவது மாதிரியா என்று அப்பா கேட்டார். இல்லை, கொடி அப்புறம் தன் இஷ்டத்துக்குப் போகும், இது போகக்கூடாது என்றேன். "அப்ப உம்பாடு கஷ்டந்தேன்" என்று சிரித்தார்.

அவருக்கு அப்போது கைநடுக்கம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேனியில் நரம்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் இருந்த மருந்து, இந்த வழியில் முதன்முதலாகத் தொழிற்சாலை அளவில் தயாரான ஒன்று. என் துறையே அந்த மருந்தின் முதுகில் ஏறி வளர்ந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. அதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரே பெருமை.

"இந்த மாத்திரையில இருக்கது எந்தக் கை ஆத்தா?" என்று கேட்டார்.

இடது கை என்றேன்.

"எனக்கு ஆடுறது வலது கையில்ல. மாத்திக் குடுத்துட்டாகளோ?"

சிரித்தாரே தவிர, அந்த வலது கை அவரைத் தின்றுகொண்டிருந்தது. திராட்சைத் தோட்டத்தில் எல்லா வேலைக்கும் ஆள் வைக்கலாம், கவாத்துக்கு மட்டும் அவர் ஆள் வைத்ததில்லை. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்று கொடிக்குக் கொடி பார்த்து அவரே வெட்டுவார். போன கவாத்தின்போது கத்திரி கையில் நிற்காமல் விழுந்தது. குனிந்து எடுத்தார், திரும்பவும் விழுந்தது. அன்று மிச்சப் பந்தலை வேறொருவர் வெட்டினார். அடுத்த கவாத்துக்கும் இப்படியே இருந்தால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக என் சித்தப்பா மகனிடம் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கத்திரி பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டம் எதற்கு என்பது அவர் கட்சி. மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். கை கேட்கவில்லை.

மதுரை ஆய்வுக்கூடத்தில் எனக்கும் நிலைமை சுகமில்லை. நான் செய்த லிகண்ட் காகிதத்தில் அத்தனை அழகு. பாஸ்பரஸ் கைகள் இரண்டும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் படத்தை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். ஆனால் வினை நகரவே இல்லை. ஹைட்ரஜன் அழுத்தம் காட்டும் முள் வைத்த இடத்திலேயே நின்றது. லிகண்டில்தான் கோளாறு என்று ஒரு கையைப் பருமனாக்கினேன், மறு கையைச் சுருக்கினேன். பாஸ்பரஸுக்குக் காற்று பட்டால் ஆகாது. காற்றில்லாத கண்ணாடிக் கலத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாதக்கணக்கில் உயிர் போனது.

கடைசியில் பார்த்தால் லிகண்ட் ஒரு பாவமும் அறியாது. மூலப்பொருளை நான் எந்தத் திரவத்தில் கரைத்துச் சுத்தம் செய்தேனோ, அந்தத் திரவத்தில் கொஞ்சம் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. ரோடியத்தில் மூலப்பொருள் வந்து உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திப் போய் உட்கார்ந்துவிட்டது. வேறு திரவத்தில் சுத்தம் செய்து போட்டதும் ஹைட்ரஜன் செலவாகி முள் இறங்கத் தொடங்கியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கைகளை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் கம்பம் பேருந்தைப் பிடித்தேன். வழக்கமாக ஊருக்கு வந்தால் வெயில் ஏறும்வரை தூங்குகிறவள் நான். அன்று பயணக் களைப்பில் தூக்கம் கொள்ளாமல் விடிந்ததுமே எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் பெரிய தம்ளர் நிறையப் பால். சுண்டக் காய்ச்சிய பாலில் பாதாம் அரைத்துக் கலந்திருந்தாள். அப்பாவுக்குத் தம்ளர் பிடிக்க வராது என்பதால் அவளே இரண்டு கைகளாலும் பிடித்து வாயில் வைத்துப் புகட்டினாள்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"மாத்திரை சூடுல்ல. வெறுந்தண்ணியில குடுத்தா அவுக ஒடம்பு தாங்குமா?" என்றாள் அம்மா. மாத்திரையைக் கூட்டும்போதெல்லாம் சூடும் கூடுமே என்று அவளும் பாலைக் கூட்டியிருந்தாள். ஆரம்பத்தில் குமட்டல் வந்தபோது, லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த லேசு அவள் கையில் பாதாம் பாலாகிவிட்டது.

அந்த மருந்து ஒரு அமினோ அமிலம். பாலில் இருக்கும் புரதமும் வயிற்றில் உடைந்தால் அமினோ அமிலங்கள்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக இரண்டுக்கும் ஒரே வாசல். பாலும் பாதாமும் கூட்டமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டால் மாத்திரை எப்படி உள்ளே போகும்? என் ரோடியத்துக்கு நடந்த அதே கதை.

அன்றே தேனிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தேன். ஆமாம் என்றார். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் தண்ணீரில் கொடுங்கள், பால் முட்டையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள், இப்போதைக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அம்மா அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"அப்ப இத்தன நாளும் நாந்தேன் அவுக கையக் கெடுத்தேனா?" என்று கேட்டாள்.

அப்பாதான் சொன்னார். "நீ குடுத்த பாலுலதேன் எந்திரிச்சு நடக்கேன். நேரத்த மாத்திக் குடு, போதும்."

கவாத்து வந்தபோது நானும் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டு தள்ளாடாமல் நடந்து தோட்டத்துக்குப் போனார். மோட்டார் ரூம் பக்கத்தில் சித்தப்பா மகன் தன் கத்திரியோடு தயாராக நின்றிருந்தார். அப்பா முதல் கொடியை அண்ணாந்து பார்த்தார். கை லேசாக ஆடியது. கத்திரி கணுவைத் தொட்டதும் நின்றது. வெட்டினார். அடுத்ததற்கு நகர்ந்தார். அப்படியே வரிசை முழுவதையும் முடித்தார். மருந்தின் வேகம் குறைந்து கை திரும்ப ஆடத் தொடங்கியதும் கத்திரியைத் தானே மடக்கி மடியில் வைத்தார். மிச்சத்தை நாளைக் காலையில் வெட்டிக்கொள்ளலாம், குத்தகைப் பேச்சு இப்போது வேண்டாம் என்று சித்தப்பா மகனிடம் சொன்னார். அவரும் நல்ல மனுஷன், சரி பெரியப்பா என்று போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த நோய்க்கு முடிவு கிடையாது. நல்ல நேரம் வருடா வருடம் சுருங்கியது, சில கவாத்துகளுக்கு அப்புறம் தோட்டம் குத்தகைக்குப் போகத்தான் செய்தது. என் லிகண்டும் ஆய்வேட்டோடு சரி, எந்தத் தொழிற்சாலையும் அதைத் தேடி வரவில்லை.

முதல் வரிசை வெட்டிய அன்று, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பால் கொண்டுவந்தாள். பழக்கத்தில் இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அப்பா கையை நீட்டித் தம்ளரை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் வேட்டியில் சிந்தியது, மிச்சத்தைத் தானே குடித்தார். அம்மாவின் கைகள் தம்ளர் பிடித்த வாக்கிலேயே சற்று நேரம் இருந்தன. அப்புறம் இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.