உரோமர் குளித்த கதையும் என் வகுப்பும்

உரோம நாகரிகப் பாடத்துக்கு ரியூஷன் எடுப்பது, எப்போதோ செத்துப்போனவர்களைப் பற்றி அரைத் தூக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லும் தொழில். கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை கட்டிய சக ஆசிரியர்களான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெந்நீர்ப் பாடம்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு. உரோமரின் பொதுக் குளியல் கூடத்தை முக்கால் மணி நேரம் விவரித்தேன். தரையைச் சிறு தூண்களில் தூக்கிக் கட்டி, கீழே நெருப்பின் சூட்டை ஓடவிட்டார்கள். ஓர் அறையில் வெந்நீர், இன்னொன்றில் வெதுவெதுப்பு, மற்றதில் குளிர்நீர். ஊர் வம்பெல்லாம் அங்கேதான். படம்கூடக் கீறினேன். கேள்வி உண்டா என்றதும் பின்வரிசை வாங்கிலில் ஒரு கை எழுந்தது. நெகிழ்ந்துபோனேன்.

"மிஸ், இது சோதினைக்கு வருமோ? வராட்டி நான் எழுதாம விடுறன்."

ஆயர்மாரும் குளித்தார்கள்

கிறிஸ்தவம் பரவியதும் கூடங்களை மூடிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை என்று அடுத்த கிழமை சொன்னேன். பழுதானவற்றைத் திருத்தினார்கள், சிறிதாகப் புதியவற்றையும் கட்டினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பதைக் கண்டித்த திருச்சபை ஆயர்மாரே குளிக்கப் போனார்கள்.

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து மாணவி டிலானியின் தாய் பஸ் ஏறி வந்துவிட்டார். நான் திருச்சபையை இழிவுபடுத்தினேனாம். குளிப்பது பாவமல்ல என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"குளிக்கட்டும் மிஸ். அதை ஏன் எங்கட பிள்ளையளுக்குச் சொல்றீங்க?"

கைட் சொன்னால் சரி

டிலானி மட்டும்தான் என் வகுப்பில் உண்மையாகவே காது கொடுத்தவள். பாடசாலைத் தவணைப் பரீட்சையில் நான் படிப்பித்ததை எழுதினாள். அவளுடைய ஆசிரியர் பக்கம் முழுவதையும் சிவப்பால் வெட்டியிருந்தார். அழுத முகத்தோடு தாளை நீட்டினாள்.

புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு நானே அவரிடம் போனேன். அவர் ஒன்றையும் திறக்கவில்லை. மாதிரி விடைகள் அச்சடித்த கைட் ஒன்றை எடுத்து, 'கிறிஸ்தவம் பரவியது, குளியல் கூடங்கள் மூடப்பட்டன' என்ற வரியில் விரலை வைத்தார்.

"நீங்க சொல்றது நடந்திருக்கலாம் மிஸ். ஆனா கைட்ல நடக்கேல்லையே."

எதை எழுத?

உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வாரம் டிலானி கேட்டாள்: "நடந்ததை எழுதவா மிஸ், கைட்ல உள்ளதையா?" பல்கலைக்கழகம் போக அவளுக்கு இந்தப் பாடத்தில் 'ஏ' வேண்டும். அதுவரை எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்த நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கைட்ல உள்ளதையே எழுதம்மா" என்றேன். நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெறுபேறு வந்தது. 'ஏ' தான். தாயும் மகளும் கேக் பெட்டியோடு வந்தார்கள். தாய்க்கு என்மேல் திடீர் பக்தி. என் ஆலோசனை பலித்துவிட்டதென்று நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். டிலானி என் காதருகே குனிந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ், நான் நடந்ததைத்தான் எழுதினனான்."

ஆக, உரோமர் விடாமல் குளித்தார்கள் என்பதை என் வகுப்பில் கடைசிவரை நம்பியவள் ஒருத்திதான், அது படிப்பித்த நான் அல்ல.