முன்பு வாழ்ந்தவர்கள்

இந்த ஊரில் பிள்ளைகளின் தொப்பியைக் கழற்றச் சொல்லி, உதட்டில் விரல் வைத்துப் பேசாதே என்று காட்டி, கையைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிப்போகிற இடம் மியூசியம். சர்ச்சில்கூட இவ்வளவு அடக்கத்தை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் வடக்கே, மழையும் கரிப்புகையும் சேர்ந்து சுவர்களையெல்லாம் கறுப்பாக்கிவிட்ட ஒரு கம்பளி மில் ஊர் இது. சனிக்கிழமை மதியம் மில் விட்டதும் ஆண்கள் கால்பந்து பார்க்கப் போவார்கள், பெண்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். குளிருக்கு ஒதுங்க ஒரு வாடகை அறையைத் தவிர வேறு இடமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு மியூசியம்தான் கதி. உள்ளே கணப்பு உண்டு, கட்டணம் கிடையாது. முதல் குளிர்காலத்தில் நான் அதற்குள் நுழைந்த காரணம் அவ்வளவுதான்.

மாடியில் கீழை நாடுகளுக்கென்று ஓர் அறை. சீனப் பீங்கானுக்கும் பர்மாக் குடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு சாண் உயர வெண்கலத்தில், தலைக்குமேல் ஏழு படம் விரித்த நாகத்தோடு சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தவரைப் போலவே இருந்தார். அவர் அல்ல, இவருக்கு மூக்கு சற்றுத் தேய்ந்திருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கும் முன்பே ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியிருந்தேன். காவலுக்கு இருந்த சீருடைக் கிழவர் பக்கத்தில் வந்து குனிந்து என் கால்களைப் பார்த்தார். "புது ஷூவா? முதலில் அப்படித்தான் கடிக்கும். அதோ பெஞ்ச் இருக்கிறது, உட்கார்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவருக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? ஆமாம் என்று சொல்லிப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் ஓரம் மட்டுமே தெரிந்தது.

செஞ்சியில் எங்களுடையது சமணக் குடும்பம். பூர்வீகம் தொண்டூர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நாங்கள் எத்தனை தலைமுறை அங்கே இருக்கிறோம் என்பது எங்களுக்கே தெரியாது; ஆனாலும் மண்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் "நீங்க மார்வாடியா?" என்று கேட்பார்கள். நைனா ஒவ்வொரு முறையும் "தமிழந்தாங்க" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் பூசை அம்மாவுடையது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது வைசூரி கண்டு பிழைத்தேனாம். அப்போது அம்மா பார்சுவநாதர் முன் ஒரு விரதம் எடுத்தாள்: இனி உயிருள்ளவரை காலையில் உன் முகத்தைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று. அதற்காகவே அவள் எந்த ஊரிலும் இரவு தங்கியதில்லை. தன் அண்ணன் சாவுக்கு அனந்தபுரம் போனவள்கூட இருட்டுவதற்குள் திரும்பிவிட்டாள்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு குழு அமைத்து, செஞ்சியின் சரித்திரத்தை ஜனங்களுக்குக் காட்டுவது என்று கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். முன்னால் நின்றவர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரைச் சரித்திர சார் என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய்ப் பழைய பொருள்களைக் கேட்டு வாங்கினார். எங்கள் வீட்டுப் பார்சுவநாதரைக் கேட்டும் வந்தார்.

"கோட்டய பாக்க வர்றவன் பீரங்கியும் மதிலுமே பாத்துட்டுப் போறான் நயினாரே. உங்க ஜனங்க அதுக்கெல்லாம் முன்னாலருந்து இங்க இருக்கறவங்க. அது நாலு பேருக்குத் தெரிய வாணாமா?"

நைனாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சார் போனதும் அம்மா கேட்டாள்: "அவரத் தூக்கிக் குடுத்துட்டு நான் எப்பிடி வாயில தண்ணி ஊத்தறது?"

"இன்னா பெரிய தூரம்? கடத்தெரு குடோன்லதான வெக்கறாங்க. போயி பாத்துட்டு வந்து சாப்புடு. நாம யாருன்னு ஊருக்குத் தெரியட்டுமே" என்றார் நைனா. அம்மா தன் கல்யாணப் பட்டில் கிழித்த துண்டில் தானே சிலையைச் சுற்றிக் கொடுத்தாள்.

காலி செய்த அரிசி குடோனில் டியூப் லைட் போட்டு, மூங்கில் தடுப்புக் கட்டி, பீரங்கிக் குண்டுகளையும் காசுகளையும் துருப்பிடித்த வாள்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். சுற்றுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களெல்லாம் வந்தன. அம்மா தினமும் குளித்து முழுகி, வெறும் வயிற்றோடு, கதவு திறக்கும்வரை வாசலில் நிற்பாள். முதல் நாள் நானும் கூடப் போனேன். சிலைக்கு முன்னால் இரண்டு பெண்கள், "இது இன்னாடி சாமி, துணியில்லாம நிக்குது" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்கள் நகரும்வரை கண்ணை மூடி நின்றாள். பிறகு பார்த்தாள், கும்பிட்டாள். அதன் பிறகுதான் கீழே இருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'செஞ்சிப் பகுதியில் முன்பு வாழ்ந்த சமணர்கள் வழிபட்ட சிலை' என்று அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"சார், முன்ன வாழ்ந்தவங்கன்னு போட்டிருக்கீங்களே. இப்ப நான் எங்க போய்ட்டேன்?" என்று அம்மா கேட்டாள்.

சரித்திர சார் சிரித்தார். "அது எழுதற முறைம்மா. சரித்திரம்னா அப்பிடித்தான் எழுதுவாங்க."

அம்மா சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள்.

இங்கே, இந்த மில் ஊரில், போன வருஷம் மியூசியத்துப் பெண்மணி ஒருவர் எங்கள் மில்லுக்கே வந்தார். புதிதாகக் குடியேறியவர்களைப் பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரியச் செய்ய ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். பஞ்சாபிகள் டோலக்கும் தலைப்பாகையும் தருவதாகச் சொன்னார்கள். பாகிஸ்தான்காரர் ஒருவர் தன் தாயார் நெய்த விரிப்பைத் தந்தார். பெண்மணி என்னிடமும் கேட்டார்: "உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் ஏதாவது?" என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். "ஒன்றுமே இல்லையா?" என்று இரண்டாம் முறை கேட்டபோது அவர் குரல் தணிந்துவிட்டது. அடுத்த வாரம், என்னோடு தறியில் நிற்கும் ஹெரால்டு ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பெண்மணி அனுப்பியதாம். உள்ளே இரண்டு பழைய கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, கையுறை. தருவதற்கு மனமில்லாமல் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதை, வைத்துக்கொள்ள ஏதுமில்லாத ஏழை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கோட்டு அளவாக இருந்தது. இப்போதும் அதைத்தான் போடுகிறேன்.

செஞ்சிக் கண்காட்சியின் கடைசி நாளுக்குச் சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். இங்கே இருப்பதில் நல்லவற்றைச் சென்னையில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்பலாமே என்று அவர் சொல்ல, அன்று சாயங்காலமே ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள். பொருளுக்குச் சொந்தக்காரர்களிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று குழுவில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். மறுநாள் சிலையை வீட்டுக்கு எடுத்துவர அம்மா அந்தப் பட்டுத் துணியோடு போனாள். குடோனில் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தவள், மண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நைனாவிடம், "அவரு மெட்ராஸ் போய்ட்டாராம்" என்றாள். ஏதோ உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆக்கி வைத்த சோறு அடுப்படியில் அப்படியே இருந்தது.

நைனா சரித்திர சாரை இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே சென்னைக்குப் போனார். அங்கே இவர்களைக் கண்டு பேசவே ஆளில்லை. ஒருவழியாக ஒரு குமாஸ்தா, அந்தப் பெட்டிகள் வடக்கே அடுத்த கண்காட்சிக்கு ரயிலேறிவிட்டன, பத்திரமாக வந்து சேரும் என்றாராம். அவர்கள் வெறுங்கையோடு திரும்பிய பிறகும் அம்மா நாக்கை நனைக்கவில்லை. உறவுக்காரர்கள் கூடிப் பேசி, எங்கள் சமண மடமும் கோயிலும் இருக்கும் மேல்சித்தாமூரிலிருந்து படித்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார்கள். எந்தக் கோயிலில் இருந்தாலும் பகவான் பகவான்தான், அங்கே பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் விரதம் கெடாது என்று அவர் சொன்னார். அம்மா வெகுநேரம் யோசித்துச் சரி என்றாள். நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து அவள் விடியும் முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, முதல் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, மேல்சித்தாமூர்க் கோயிலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பாள். பல நாள் உச்சி தாண்டிவிடும். பஸ் வராத நாளில் இன்னும் நேரமாகும். பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை என்பதால் அன்று முழுப் பட்டினி. "அங்கயே என் வூட்ல தங்கிடு அண்ணி" என்று அத்தை ஒருத்தி கூப்பிட்டாள். "மண்டிலருந்து பசியோட வருவாரு. வூட்ட யாரு பாக்கறது?" என்று அம்மா மறுத்துவிட்டாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து நனைந்து போனாள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். யாரோ மாட்டுவண்டியில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

நல்ல ஜுரம். ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "கஞ்சி குடிக்காம மருந்து இன்னா பண்ணும்? சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்று திட்டினார். அம்மா "பாத்துட்டுக் குடிக்கறேன்" என்றாள். நைனாவுக்கு அப்போதுதான் கண்காட்சியில் எடுத்த போட்டோ ஞாபகம் வந்தது. ஸ்டுடியோவுக்கு ஓடிப்போய் வாங்கிவந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நடுவில் பிரமுகர் மாலையோடு நிற்கிறார், பக்கத்தில் சரித்திர சார், குழுவினர். பின்னால் சிலை. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் தேடினாள். நாகத்தின் படங்கள் தெரிந்தன, பாதங்கள் தெரிந்தன. நடுவே பிரமுகரின் தோள் மறைத்திருந்தது.

"மூஞ்சி தெரியலியே" என்றாள்.

"பாதம் தெரியுதில்ல? அது போதாதா? ஒரு வாய் குடிம்மா" என்றார் நைனா. அவர் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"மூஞ்சிய பாத்துட்டுன்னுதான சொல்லியிருக்கறேன்."

விடியற்காலையில் போய்விட்டாள். தேறிவிட்டால் காரை வைத்தாவது கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தை பிறந்து சில நாள் கழித்துச் சிலை வந்தது. சரித்திர சாரே ரயில் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி, வைக்கோல் திணித்த மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். அம்மா போன அந்த மூன்று மாதத்தில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நைனா கதவுநிலையைப் பிடித்தபடி, "யாருக்குக் கொண்டாந்தீங்க சார்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சார் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவரை உள்ளே வரச்சொல்லவும் நைனாவால் முடியவில்லை, போகச்சொல்லவும் முடியவில்லை. சிலையின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் ஏதோ எண் எழுதியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மறுநாள் நைனா அதைக் கொண்டுபோய் மேல்சித்தாமூர்க் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு மண்டிக்குப் போவதையும் விட்டுவிட்டார். அந்த வீட்டில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தில் மில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கிளம்பட்டுமா என்று கேட்டேன். போ என்றார். இங்கே என்னைப் போல வந்தவர்கள் எல்லாரும் சம்பாதிக்க வந்தேன் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

இந்த வருஷம் கோடையில், ஐந்து வருஷத்துக்குப் பிறகு, கப்பலேறி ஊருக்குப் போனேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது நல்ல வெயில். கையில் தோல் பெட்டி, காலில் ஷூ. குடை பிடித்த ஒருவர் நேராக என்னிடம் வந்து, "கோட்ட பாக்கத்தான சார்? வாங்க, நான் காட்டறேன். ஹிஸ்டரி எல்லாம் சொல்லுவேன்" என்றார். நான் இந்த ஊர்தாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தத் தெரு, யார் வீடு என்று அடுத்து கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் அவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், அவர் பின்னாலேயே நடந்தேன்.

கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியில் பாதிப் படி ஏறியதும் ஒரு நிழலில் நிறுத்தினார். மதில், அகழி, பீரங்கி என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இதையும் சொன்னார்: "இந்த ஊர்ல ஒரு சமண அம்மா இருந்தாங்க சார். தெனம் சாமி மூஞ்சி பாக்காம சாப்புட மாட்டாங்க. அந்தச் செலைய வெள்ளக்காரன் இங்கிலாந்துக்கு எடுத்துக்கினு போய்ட்டான். அந்த அம்மா ஒரு வருசம் பட்டினி கெடந்து, ஒக்காந்த எடத்துலயே உயிர உட்டுட்டாங்க."

"அப்பிடியா" என்றேன்.

"ஆமா சார். அதோ, புளியமரத்துக்குப் பின்னால ஓட்டு வீடு தெரியுது பாருங்க. அந்த வூடுதான்."

அவர் விரல் காட்டிய இடத்தில் முற்றத்துக் கொடியில் நைனாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நான் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "எது?" என்று கேட்டேன்.