கீழ் லயத்துக்குப் போன மண்

கொழும்புக் கடை வேலை பறிபோய், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியபோது என்னிடம் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான். அதை வைத்துக் குழம்பு வைக்க முடியாது. விலைவாசி ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் கறி என்றால், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் சரிவில் என் மனைவி வளர்த்த போஞ்சிக்காயும் கீரையும்தான். கொழுந்து பறித்துவிட்டு வந்து, சாணமும் சாம்பலும் போட்டுப் போட்டு, வருஷக்கணக்கில் அந்த மண்ணைக் கறுப்பாக்கியிருந்தாள்.

அவளுடைய பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே கோணலாகக் கிடந்தன. மழைத்தண்ணீர் வடிய இடையிடையே கான் வேறு. எனக்குக் கண்ணை உறுத்தியது.

"என்னா இது, பாம்பு படுத்த மாதிரி? மேலயிருந்து கீழ நேரா போட்டா இன்னும் நாலு பாத்தி வருமே."

"மழை பேஞ்சா என்னா செய்வீங்க?"

"கொடை புடிக்கிறேன்."

சிரித்தாள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பவள்.

அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரத்தில் கான்களை மூடி, கயிறு பிடித்து, மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு, செடிகளை மாற்றி நட்டேன். என் அப்பா இதே தோட்டத்தில் கான் வெட்டியே காலம் தள்ளியவர். அவர் பெற்ற பிள்ளை நான். போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பவும் மறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்தது. மண் செடியோடு கிளம்பியது. சாக்கை விரித்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்தேன். மண் என்னை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது.

நனைந்து வந்தவளிடம், "நம்ம தோட்டம் கீழ் லயத்துக்குக் குடி போயிருச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு என்னாத்தங்க ஆக்குறது?" என்றாள்.

சில வாரம் கழித்து, கீழ் லயத்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க கீரை எங்க வாசல்ல மொளைச்சிருக்கு. பறிச்சிக்கிட்டுப் போங்க. அடுத்த மழைக்குப் போஞ்சியையும் அனுப்பி விடுங்க!"

கீழ் லயமே சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

பேசன் நிறையப் பறித்து வந்த கீரை, வெந்ததும் இரண்டு தட்டுக்குத்தான் வந்தது. மனைவி ஒன்றைப் பிள்ளைக்கு வைத்தாள். தனக்குச் சோற்றில் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மற்றத் தட்டு என் முன்னால் இருந்தது.