அப்பாவாட்ட இருக்குது, ஆனா அப்பா இல்லீங்க

1. பிரிண்ட் கேட்காமல் போன கஸ்டமர்

எங்கள் தொழிலில் கஸ்டமர் திட்டினால் பயமில்லை. "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு, பிரிண்ட் போடச் சொல்லாமல் எழுந்து போனால்தான் பயம். சுகன்யா அன்றைக்கு அப்படித்தான் போனாள்.

யாழினி, கவின், அப்பா இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்போது நீங்கள் இருவரும் செல்போனிலேயே போட்டோ எடிட் செய்கிறீர்கள். ஒருத்தர் செய்ததை மற்றவர் பார்த்து "கேவலமா இருக்குது" என்கிறீர்கள். அப்புறம் தட்டில் சோறு போடும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். புத்தி சொல்லி எழுத வராது. ஸ்டுடியோவில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சுகன்யா கல்யாணத்துக்கு நாம்தான் போட்டோ எடுத்தோம். அவளுடைய அப்பா பழனிசாமி லாரி டிரைவர். பிறகு சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதையும் தானே ஓட்டினார். மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே மாரடைப்பில் போய்விட்டார். மேடையில் எடுத்த குரூப் போட்டோவில் அவரையும் அம்மா பக்கத்தில் நிற்க வைத்துக் கொடுக்க முடியுமா என்று சுகன்யா கேட்டாள். எருமப்பட்டியில் ஒரு கோயில் திருவிழாவில், பந்தலுக்குக் கீழே அவர் வெள்ளை அரைக்கைச் சட்டையோடு நிற்கிற படம் ஒன்று அவள் போனில் இருந்தது. அதுதான் கையில் கிடைத்ததில் தெளிவான படம்.

அவள் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு பெங்களூர் போகிறாள். அதற்கு முன்னால் படத்தை அம்மா வீட்டு ஹாலில் மாட்டிவிட வேண்டும். அம்மா இனிமேல் அந்த வீட்டில் ஒற்றை ஆள். தினமும் பார்க்கப்போகிற படம் அது.

எடிட்டிங் செய்தது மல்லிகா. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய போட்டோ லேபில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி நாமக்கல் வந்ததால் நம் கடைக்குக் கிடைத்தார். படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுக்கிற கட்டிங்கில் ஒரு முடிகூடப் பிசிறு இருக்காது. மேடை லைட் எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கமே பழனிசாமி முகத்திலும் வெளிச்சம் வைத்திருந்தார். எனக்கே அவர் கல்யாணத்துக்கு வந்திருந்தார் போல இருந்தது.

சுகன்யா பார்த்தாள். கண் கலங்கினாள். "நல்லாருக்குங்க" என்றாள். போனில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நானே கூப்பிட்டேன்.

"ஏனுங்க சுகன்யா, பிரிண்ட்டுக்கு அனுப்பட்டுங்களா?"

"அனுப்பலாமுங்க அண்ணா... நல்லாத்தான் இருக்குது."

"அம்மாகிட்டக் காட்டுனீங்களா?"

"காட்டுனேனுங்க. பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லாம போனைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கும் என்னமோ... அப்பாவாட்ட இருக்குது, ஆனா அப்பா இல்லீங்க."

2. 'என்னமோ' எந்த மெனுவில் இருக்கிறது?

நான் அதை அப்படியே கொண்டுபோய் மல்லிகாவிடம் கொட்டினேன். "என்னமோ குறையுதாம் மல்லிகா. கொஞ்சம் பாத்து நல்லாப் பண்ணிரு."

மல்லிகா மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். "அண்ணா, 'என்னமோ'ங்கறது எந்த மெனுவுல இருக்குது? 'நல்லா'ங்கறதுக்கு ஷார்ட்கட் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"கோவிச்சுக்காத. கஸ்டமர் சொன்னதைத்தான் சொல்றேன்."

"கஸ்டமர் ஒண்ணுமே சொல்லலையே! மூக்கா, கண்ணா, சட்டையா? நான் எங்கீங்க போய்க் கை வெக்கறது? மொத்தத்தையும் கலைச்சுப்போட்டு இன்னொருக்கா உக்காந்தா, இன்னொரு என்னமோ குறையும்."

அவர் சொன்னது நியாயம். 'நல்லாப் பண்ணு' என்று எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் மண்டையை ஆட்டியிருக்கிறார்கள். பதிலுக்குக் கேள்வி கேட்டது மல்லிகாதான்.

"அப்ப அம்மாவையும் பொண்ணையும் கடைக்கே வரச் சொல்லலாமா?" என்றேன்.

"வரச் சொல்லுங்க. ஆனா 'என்ன குத்தம்'னு மட்டும் கேக்காதீங்க. மூஞ்சிக்கு நேரா குத்தம் சொல்ல நம்மூர் ஆளுகளுக்கு வாய் வருமுங்களா? டீயக் குடிச்சுப்போட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. வேற மாதிரி கேப்போம்."

ஆல்பத்துக்கு வைக்கிற கறுப்பு அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டினார். லேபில் இருந்தபோது பழகிய பழக்கமாம். முழுப் படத்தைப் பார்த்தால் மனசு அதிலேயே போய்விடும், தப்பு எங்கே என்று தெரியாது. ஓட்டை வழியாகப் பார்த்தால் அந்த இடம் மட்டும்தான் தெரியும்.

3. ஓட்டை வழியாகப் பார்த்தது

சுகன்யாவின் அம்மா ராஜாமணி, சேரில் நுனியில் உட்கார்ந்தார். மல்லிகா மானிட்டர் மேல் அட்டையை வைத்தார். ஓட்டையில் கண் மட்டும் தெரிந்தது.

"அம்மா, நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதுமுங்க. இது அவருங்களா, இல்லைங்களா?"

"அவருதானுங்க."

அட்டை கீழே நகர்ந்தது. மீசை.

"அவருதான். ஒரு பக்கம் கோணலா வெட்டிக்குவாரு. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்." முதல் தடவையாகச் சிரித்தார்.

இடது கை. "அவருது."

வலது கை. ராஜாமணியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே குனிந்தார். அட்டையைக் கொஞ்சம் மேலே நகர்த்தச் சொன்னார். மறுபடியும் கீழே நகர்த்தச் சொன்னார்.

"இது அவரு கையில்லீங்க சாமி."

மல்லிகாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்தக் கைக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். சமாதானமாக ஏதாவது சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரே சேரை இழுத்து அந்த அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன மாறியிருக்குதுங்கம்மா?"

"அவருக்கு வலது கை கருத்துக் கெடக்குமுங்க. ஜன்னல் கட்டைல கை முட்டிய வெச்சே ஓட்டுவாரு, வெயிலு பூராவும் அந்தக் கைலதான் அடிக்கும். இடது கை என்ற ஊட்டுக்காரருது, வலது கை எவனோ டிரைவருதுன்னு நாங் கேலி பண்ணுவேன். இதுல ரெண்டும் ஒண்ணாட்ட இருக்குது பாருங்க."

மல்லிகா நெற்றியில் கை வைத்தார். "பந்தல் நெழல் விழுந்திருக்குதுன்னு நெனச்சு, ரெண்டையும் ஒரே டோனுக்குக் கொண்டாந்துட்டேனுங்கம்மா. வலது கன்னத்தையும் சேத்து."

அப்போதுதான் சுகன்யா வாயைத் திறந்தாள். "நான்தானும்மா அப்பாவக் கொஞ்சம் கலராக் காட்டச் சொன்னேன். மாமனார் ஊட்டு ஆளுகெல்லாம் வந்தாப் பாப்பாங்களே."

"உங்க மாமனாரு என்ன கலெக்டரு உத்தியோகமா பாத்தாரு? அவரும் லாரிதான ஓட்டுனாரு. அந்தப் படத்துலயே நிக்கறாரில்ல, அவரு கையப் பாரு."

மல்லிகா அந்தப் பக்கம் ஜூம் செய்தார். சம்பந்தியின் வலது கை முட்டி வரைக்கும் கருகருவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் அப்படியே. இந்த ஊரில் இத்தனை கல்யாணம் எடுத்தவன் நான், என் கண்ணிலும் பட்டதில்லை.

"பாத்துக்க," என்றார் ராஜாமணியம்மா. "இந்த வரிசைல உங்கொப்பன் மட்டும் ஸ்டேரிங்கே புடிக்காத ஆளாட்ட நிக்கறாரு."

சுகன்யா சிரித்துவிட்டாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

மல்லிகா எந்தப் படத்திலும் பழையதை அழிப்பதில்லை. திருத்தத்தைத் தனி அடுக்காக மேலே போடுவார்; அந்த மேல் லேயரைக் குறைத்தால் அடியில் இருக்கிற பழைய கை வந்துவிடும். "எவ்வளவுங்கம்மா? நான் கொறைச்சுக்கிட்டே வாரேன், நீங்க சொல்லுங்க."

"இன்னுங் கொஞ்சம்... இன்னும்... நில்லு கண்ணு. அதான்."

"சட்டைக் கைக்கு மேல எப்படிங்க?"

"மேல வெளுப்புத்தான். சட்டையக் கழட்டுனா கோடு போட்டாப்பல..."

"ம்மா, போதும்!" என்று சுகன்யா அம்மா வாயைப் பொத்தினாள்.

கன்னத்தையும் அதே மாதிரி சரி செய்தார்கள். மல்லிகா அட்டையை எடுத்துவிட்டு முழுப் படத்தைக் காட்டினார். ராஜாமணியம்மா நல்லாருக்குது என்று சொல்லவில்லை. "வந்துட்டாரு" என்றார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

சுகன்யாவும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மல்லிகாக்கா, என்ற மூஞ்சியையும் கொஞ்சம் கொறைச்சுருங்க."

கல்யாணப் பெண் முகத்தை வெளுப்பாக்குவது எங்கள் கடையில் கேட்காமலே செய்கிற வேலை. இன்னும் வெளுப்பாக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. குறைக்கச் சொன்னவள் இவள்தான்.

மல்லிகா ஏன் என்று கேட்கவில்லை. "எவ்வளவுங்க?" என்றார்.

"அப்பா கன்னத்தையும் என்ற கன்னத்தையும் ஒரே ஸ்கிரீன்ல வெச்சுக்குங்க. நாஞ் சொல்றேன்."

அப்படியே குறைத்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் சுகன்யா கையை நீட்டி, "அங்க நிறுத்துங்க" என்றாள்.

ராஜாமணியம்மா இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இப்பத்தான் அவரு பெத்த புள்ளையாட்ட இருக்கறா."

"பிரிண்ட் போட்டுருங்கண்ணா" என்றாள் சுகன்யா.

சனிக்கிழமை சாயங்காலம் பிரேம் போட்டு நானே கொண்டுபோய் அந்த ஹாலில் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாமிகளா, இதில் நான் கற்றுக்கொண்டது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொல்கிறவர் இடத்தைக் காட்ட வேண்டும். செய்தவர் 'எவ்வளவு' என்று கேட்க வேண்டும். அந்த ரெண்டும் நடந்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் யாரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஒரே படத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.