மண்ணுக்குள் பூண்டு, பஸ்ஸுக்குள் ஃபெலோஷிப்

பல்கலைக்கழக ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். எங்கள் மலைக்கிராமத்தில் நெட் வராததால் பஸ் ஏறிக் கொடைக்கானல் வந்து, ஒரு டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். துணைக்கு அப்பா.

"எதிர்பார்க்கும் ஆய்வு முடிவுகள்" என்றொரு கேள்வி. வாசித்துக் காட்டியதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆராய்ச்சி பண்ணுறதுக்கு முன்னாடியே முடிவக் கேட்டா எப்புடி? மண்ணுக்குள்ள கெடக்குற பூண்ட இத்தன மூடைன்னு எவனாச்சும் சொல்லுவானா? கண்ணு பட்டுரும்!"

அவர் அப்படித்தான். பூண்டைப் பிடுங்கிக் காயப்போடும் வரை, வியாபாரியே கேட்டாலும் "ஏதோ கெடக்குங்க" என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

நானும் கொஞ்சம் அடக்கியே எழுதி அனுப்பிவிட்டேன்.

"கெடச்சிருமாம்மா?"

"நெறையப் பேரு போட்டிருப்பாங்கப்பா. ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

திரும்பும் பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது அப்பா கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாப்பா யுனிவர்சிட்டில ஆராய்ச்சிக்குச் சேரப்போகுதுங்க. வெரசா ஒரு நல்ல பெட்டி வாங்கணும்."

தேர்வுக்குழுவில் யாரையாவது தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து தகவல் சொல்லிவிடுங்கள். முடிவை எங்கள் பஸ்ஸில் அறிவித்தாகிவிட்டது.